மைக்கேல் ஜோர்டனின் 127 ஆட்டங்கள்: ஒரு மைனர் லீக் அவுட்ஃபீல்டரின் நிகழ்வு ஆய்வு

1994ஆம் ஆண்டு பர்மிங்ஹாம் பேரன்ஸ் பேஸ்பால் அணியின் 45ஆம் எண் சட்டை அணிந்த அவுட்ஃபீல்டர் (மைதானத்தின் வெளிப்பகுதியைக் காப்பவர்) 127 ஆட்டங்கள் ஆடினார். பேட்டர் நின்று அடிக்கும் இடமான ஹோம் பிளேட்டுக்கு 497 தடவை வந்தார். வாக் (நான்கு மோசமான பந்துகளுக்காக இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்), தியாக அடி (தான் அவுட்டாகி ஓட்டக்காரரை முன்னேற்றுவது) போன்றவற்றைக் கழித்தால் சராசரிக் கணக்கில் சேரும் முறைகள் 436. அவற்றில் 88 ஹிட், அதாவது அடித்துப் பேஸை எட்டியவை. 436இல் 88 என்றால் சராசரி .202. கூடவே 17 டபுள் (இரண்டு பேஸ் அடி), 1 டிரிபுள் (மூன்று பேஸ் அடி), 3 ஹோம் ரன் (எல்லாப் பேஸையும் சுற்றிவரும் அடி), 51 ஆர்பிஐ (அவர் அடியால் அணிக்கு வந்த ரன்), 51 வாக், 114 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்து அவுட்), 30 ஸ்டீல் (பந்து எறியப்படும்போதே ஓடி அடுத்த பேஸைத் திருடுவது), பிடிப்பிலும் எறிதலிலுமாக 11 பிழைகள்.

பெயரை மறைத்துவிட்டு இந்த வரியை வீரர்களை எடைபோடும் எந்த ஸ்கௌட்டிடம் நீட்டினாலும், இந்தப் பையனை ஒரு படி கீழே இறக்குங்கள் என்பார். பெயர் கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டன் என்பதால், ‘விளம்பரக் கூத்து’ என்று ஒரு பக்கமும் ‘இவ்வளவாவது அடித்தாரே’ என்று மறுபக்கமுமாக முப்பது ஆண்டுகளாக விவாதம் ஓடுகிறது. இரண்டுமே அந்த .202 எப்படி உருவானது என்று பார்ப்பதில்லை. அவரை எந்தப் படியில் ஏற்றினார்கள், அங்கே எந்தப் பந்து அவரை வீழ்த்தியது, எது சரியானது, எது சரியாகவே இல்லை என்று பிரித்துப் பார்த்தால் வேறொரு படம் கிடைக்கிறது.

வந்த வழி

ஜோர்டன் பிறந்தது 1963 பிப்ரவரி 17. வட கரோலினாவின் வில்மிங்டனில் லேனி உயர்நிலைப் பள்ளியில் பேஸ்பால் ஆடியவர், 1981க்குப் பிறகு அதைத் தொடவில்லை. 1993 ஜூலையில் அவருடைய தந்தை ஜேம்ஸ் ஜோர்டன் கொலை செய்யப்பட்டார். மகன் பேஸ்பால் வீரனாக வேண்டும் என்பது அந்தத் தந்தையின் பழைய ஆசை. அக்டோபர் 6 அன்று ஜோர்டன் கூடைப்பந்திலிருந்து ஓய்வை அறிவித்தார். அவர் ஆடிய கூடைப்பந்து அணியான சிகாகோ புல்ஸின் உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப்தான் சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணிக்கும் உரிமையாளர். குளிர்காலம் முழுக்கப் பயிற்சி எடுத்த பிறகு, 1994 பிப்ரவரி 7 அன்று ஒயிட் சாக்ஸுடன் மைனர் லீக் ஒப்பந்தம் கையெழுத்தானது. மாதச் சம்பளம் 850 டாலர், வெளியூர் ஆட்டங்களுக்கு நாள் ஒன்றுக்குச் சாப்பாட்டுப் படி 16 டாலர். புல்ஸ் தரவேண்டிய கூடைப்பந்துச் சம்பளத்தை ரைன்ஸ்டார்ஃப் தொடர்ந்து கொடுத்துவந்தார், அது தனிக் கணக்கு.

மார்ச்சில் ஃப்ளோரிடாவின் சரசோட்டாவில் வசந்த காலப் பயிற்சி. ‘போதும், மூட்டை கட்டு’ என்ற பொருளில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் அட்டையில் போட்டது அப்போதுதான். ஜோர்டன் அந்த இதழோடு பேசுவதை அதன்பின் நிறுத்திவிட்டார்.

தவறான படி

மேஜர் லீக்குக்கு வீரர்களைத் தயார்செய்யும் மைனர் லீக் ஓர் ஏணி. அடியில் ரூக்கி லீக், அதற்கு மேல் ஒற்றை ஏ வகைகள், பிறகு டபுள் ஏ, பிறகு டிரிபிள் ஏ, உச்சியில் மேஜர் லீக். 1994இல் ஒயிட் சாக்ஸின் ஏணி இது: சரசோட்டாவில் ரூக்கி அணி, ஹிக்கரியிலும் சவுத் பெண்டிலும் கீழ்நிலை ஒற்றை ஏ, பிரின்ஸ் வில்லியமில் மேல்நிலை ஒற்றை ஏ, பர்மிங்ஹாமில் டபுள் ஏ, நாஷ்வில்லில் டிரிபிள் ஏ.

பதின்மூன்று ஆண்டுகள் மட்டையைத் தொடாத ஒருவர் ஹிக்கரியில் தொடங்கியிருக்க வேண்டும். அங்கே 19 வயதுப் பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்) வேகப் பந்தான ஃபாஸ்ட்பாலை நம்பி வாழ்கிறார்கள். சுழலும் பந்தை எறியத் தெரியும், ஆனால் நினைத்த இடத்தில் போடத் தெரியாது. பேட்டரும் அவர்களோடு சேர்ந்து கற்றுக்கொள்கிறார். டபுள் ஏ அப்படியில்லை. மேஜர் லீக் கனவு நிஜமாவதா கலைவதா என்று தீர்மானமாகும் படி அதுதான் என்பது ஸ்கௌட்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வது. பால், ஸ்ட்ரைக் எண்ணிக்கையில் தாங்கள் பின்தங்கியிருக்கும்போதும் கடைசியில் பக்கவாட்டில் நழுவும் ஸ்லைடரைத் துணிந்து ஸ்ட்ரைக்காகப் போடும் பிட்சர்களை ஒரு பேட்டர் முதன்முதலில் அடிக்கடி சந்திப்பது அங்கேதான்.

பிறகு ஏன் பர்மிங்ஹாம்? காரணம் பேஸ்பால் அல்ல, பத்திரிகையாளர் கூட்டம். கீழ்நிலை ஊர்களின் சின்ன மைதானங்களால் அந்தக் கூட்டத்தைத் தாங்க முடியாது. பேரன்ஸின் மைதானமான ஹூவர் மெட்ரோபாலிட்டன் ஸ்டேடியத்தில் 10,800 இருக்கைகள், விசாலமான வசதிகள். வியாபாரக் கணக்கில் அது தப்பவில்லை: அந்தப் பருவத்தில் பேரன்ஸின் உள்ளூர் ஆட்டங்களுக்கு வந்தவர்கள் 4,67,867 பேர், அணியின் சாதனை. ஆனால் ஒரு பேட்டரை வளர்க்கும் கணக்கில், முதல் பக்கத்திலேயே நேர்ந்த பிழை இது.

ஏப்ரல்: ஃபாஸ்ட்பால் மாதம்

ஏப்ரல் 7 அன்று ரிக்லி ஃபீல்டில் ஒயிட் சாக்ஸுக்கும் சிகாகோவின் இன்னொரு அணியான கப்ஸுக்கும் காட்சி ஆட்டம். ஜோர்டன் 5 முறையில் 2 ஹிட், 2 ஆர்பிஐ. மறுநாள் ஹூவரில் சட்டனூகா லுக்அவுட்ஸுக்கு எதிராகப் பருவத் தொடக்கம்: 3 முறை, ஹிட் இல்லை, 2 ஸ்ட்ரைக் அவுட். அப்புறம் மாதம் முடிவதற்குள் தொடர்ச்சியாக 13 ஆட்டங்களில் ஹிட் அடித்தார், சராசரி .300ஐத் தாண்டி நின்றது.

அந்தத் தொடரை வைத்துத்தான் பலர் ஏமாந்தார்கள். புதிதாக வரும் பேட்டரை எடைபோடப் பிட்சர்கள் முதலில் எறிவது ஃபாஸ்ட்பால். உலகப் புகழ்பெற்றவரை வாக் கொடுத்து அனுப்பினோம் என்ற பெயரும் யாருக்கும் வேண்டாம். நேராக, வேகமாக வரும் பந்தை அடிக்க, தேர்ந்த தடகள வீரரின் கண்ணும் கையும் ஓரளவு போதும். பேரன்ஸ் ஆடிய, பத்தே அணிகள் கொண்ட சதர்ன் லீக்கில் ஒரே எதிரணியை மாதத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க நேரும். இன்னார் எதை அடிக்கிறார், எதற்குத் தடுமாறுகிறார் என்ற குறிப்பு பஸ்ஸைவிட வேகமாக ஊர் ஊராகப் போய்விடும். மே மாதம் வந்தது, ஸ்லைடரும் வளைந்து இறங்கும் கர்வ்பாலும் வந்தன.

ஸ்லைடர் என்ன செய்தது

பிட்சர் நிற்கும் மவுண்டிலிருந்து ஹோம் பிளேட்டுக்கு 18.44 மீட்டர். பிட்சர் முன்னால் எட்டி எறிவதால் பந்து கையை விட்டுப் புறப்படும் இடம் பிளேட்டிலிருந்து ஏறக்குறைய 17 மீட்டர். மணிக்கு 145 கிலோமீட்டர் வேக ஃபாஸ்ட்பால் அந்தத் தூரத்தை 0.4 நொடிக்குச் சற்று மேலான நேரத்தில் கடக்கிறது. மட்டையைச் சுழற்றவே 0.15 நொடி போய்விடும். மிச்சமுள்ள கால் நொடிக்குள் பந்தைப் பார்த்து, வகை தெரிந்து, விழும் இடம் கணித்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுத்தாக வேண்டும். கிரிக்கெட்டில் பந்து தரையில் பட்ட பிறகு திசை மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். இங்கே எல்லாம் காற்றிலேயே, அதுவும் கடைசிச் சில மீட்டர்களில் நடந்துவிடுகிறது.

வலக்கைப் பிட்சர் எறியும் ஸ்லைடர், வலக்கை பேட்டரான ஜோர்டனுக்கு ஃபாஸ்ட்பாலைப் போலவே கிளம்பும். மணிக்கு 130 கிலோமீட்டர் என்றால் பிளேட்டுக்கு வருவதில் வித்தியாசம் நொடியில் நூறில் நான்கைந்து பங்குதான். ஆனால் கடைசியில் வெளிப்பக்கமாக, கீழ்நோக்கி நழுவும். ஃபாஸ்ட்பால் என்று நம்பி முன்காலைப் பதித்து உடல் எடையை மாற்றிவிட்டவருக்குக் கைகள் மட்டுமே பாக்கி. நீண்ட கைகளை நீட்டி எட்டி அடிக்கிறார். பட்டால் மட்டையின் நுனியில் பட்டு, இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கு மெல்ல உருளும், படாவிட்டால் ஸ்ட்ரைக்.

198 சென்டிமீட்டர் உயரம் இதை மேலும் மோசமாக்கியது. அடிக்காமல் விட்டாலும் பந்து ஸ்ட்ரைக்காக எண்ணப்படும் பகுதியான ஸ்ட்ரைக் ஜோனின் அகலம் எல்லோருக்கும் பிளேட்டின் அகலமான 43 சென்டிமீட்டர். உயரம் மட்டும் பேட்டரின் உடலைப் பொறுத்தது. உயரமானவர் அதிக இடத்தைக் காக்க வேண்டும், முழங்காலருகே விழும் பந்து அவர் கண்ணிலிருந்து வெகுதூரம். நீண்ட கை என்றால் மட்டை சுற்றிவர வேண்டிய வட்டமும் பெரிது, ஆகவே முடிவையும் முன்கூட்டியே எடுக்க வேண்டும். முன்கூட்டி எடுத்தால் ஸ்லைடருக்கு இரையாக வேண்டும். பேஸ்பாலில் இவ்வளவு உயரமான நல்ல பேட்டர்கள் அரிதாக இருப்பதற்குக் காரணம் தேடி எங்கும் போக வேண்டாம்.

எண்களும் இதைத்தான் சொல்கின்றன. 497 தடவையில் 114 ஸ்ட்ரைக் அவுட் என்பது ஏறக்குறைய 23 சதவீதம். இன்றைய கண்ணுக்கு அது சாதாரணம், 1994இல் அதிகம். ஆனால் உண்மையான நோய் அதில் இல்லை. 436இலிருந்து ஸ்ட்ரைக் அவுட்டையும் ஹோம் ரன்னையும் கழித்தால், மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழுந்த அடிகள் 319, அவற்றில் ஹிட் 85, அதாவது .266. இந்தக் கணக்கு சாதாரணமாக .300ஐ ஒட்டியிருக்கும். கால் வேகம் உள்ளவருக்கு இன்னும் கூடலாம். அவருக்குக் குறைந்ததென்றால், பட்ட பந்தும் உறுதியாகப் படவில்லை என்று அர்த்தம். 88 ஹிட்டில் 67 ஒற்றை பேஸ் அடிகள். ஸ்லக்கிங், அதாவது ஒரு முறைக்கு அடித்துப் பெற்ற பேஸ்களின் சராசரி, .266. பந்தைத் தவறவிட்டார் என்பதைவிட, பந்தைத் தவறாகத் தொட்டார் என்பதே பொருத்தம்.

திருத்தும் வேலை

மேலாளர் டெர்ரி ஃபிராங்கோனா, பேட்டிங் பயிற்சியாளர் மைக் பார்னெட். ஆட்டத்துக்கு முன்பும் பின்பும் வலை சூழ்ந்த பயிற்சி இடமான கேஜில் ஜோர்டன் உழைத்தார் என்பதில் அவரை ஏளனம் செய்தவர்களுக்குக்கூட மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உழைப்பால் எதைச் சரிசெய்யலாம், எதை முடியாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பேட்டிங் கேஜில் படிகள் உண்டு. முதலில் டீ: ரப்பர்க் கம்பத்தில் பந்தை வைத்து அடிப்பது. மட்டை போகும் பாதை சரியாகும். அடுத்து பக்கத்திலிருந்து மெல்லத் தூக்கிப் போடும் பந்து, இதில் கை, இடுப்பு ஒத்திசைவு வரும். பிறகு வலைக்குப் பின்னால் நின்று எதிரிலிருந்து பயிற்சியாளர் எறிவது, இதில் நேரக் கணிப்பு வரும். கடைசியாக இயந்திரம். இந்த நான்கிலும் எத்தனை ஆயிரம் அடித்தாலும் வராத ஒன்று, பந்தின் வகையை அடையாளம் காண்பது. அது பிட்சரின் மணிக்கட்டு, கை கிளம்பும் கோணம், தையல் சுழலும் விதம் ஆகியவற்றைக் கண் படிப்பதால் வருவது. ஸ்லைடர் சுழலும்போது சிவப்புத் தையல் ஒரு புள்ளியாகத் தெரியும் என்று பேட்டர்கள் சொல்வார்கள். இயந்திரத்துக்குக் கை இல்லை, முகம் இல்லை, ஏமாற்றும் எண்ணமும் இல்லை. உண்மையான பிட்சர்களை ஆயிரக்கணக்கான தடவை எதிர்கொள்வதுதான் ஒரே வழி. அமெரிக்கச் சிறுவர்கள் அதைப் 15 வயதிலிருந்து 22 வயதுக்குள் செய்துமுடிக்கிறார்கள். அந்த ஆண்டுகளில் ஜோர்டன் வேறொரு பந்தை வைத்துக்கொண்டிருந்தார்.

அதையும் மீறி இரண்டு விஷயங்கள் நகர்ந்தன. ஒன்று, 51 வாக். வந்த தடவைகளில் பத்து சதவீதத்துக்கு மேல். ஸ்ட்ரைக் ஜோனைத் தாண்டிப் போகும் பந்தை விடத் தெரிந்திருந்தது, ஜோனிலிருந்து நழுவும் பந்துதான் தொல்லை. வேறெதையும்விட நான் இந்த எண்ணைத்தான் பெரிதாக மதிப்பேன். மற்றொன்று, கடைசி மாதம். முதல் ஹோம் ரன் ஜூலை 30 அன்று கரோலினா மட்கேட்ஸுக்கு எதிராக, அவருடைய 354ஆம் முறையில் வந்தது. மறுநாள் தந்தையின் பிறந்த நாள். ஓடிவரும்போது வானத்தைச் சுட்டினார். முதல் 353 முறையில் ஒன்றுமில்லை, மூன்று ஹோம் ரன்னும் கடைசி 83 முறைக்குள் வந்தவை.

கால், கை, கையுறை

30 ஸ்டீல் என்றதும் வேகம் நினைவுக்கு வரும். 18 தடவை பிடிபட்டதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. 48க்கு 30 என்றால் 62.5 சதவீதம். சுமார் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் ஸ்டீல் அணிக்கு நஷ்டம், ஏனென்றால் பிடிபடும்போது ஓட்டக்காரரும் போகிறார், ஓர் அவுட்டும் போகிறது.

ஏன் இத்தனை? பிட்சர் அசையத் தொடங்கிப் பந்து பிளேட்டை அடைய 1.3 நொடி, பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிய 2 நொடி, மொத்தம் 3.3 நொடி. பேஸ்களுக்கு இடையே 27.4 மீட்டர். அதில் மூன்று மூன்றரை மீட்டரை முன்கூட்டியே நகர்ந்து பெற வேண்டும். அரை எட்டு குறைந்தால் நேரம் பத்தாது, அரை எட்டு கூடினால் பிட்சர் திரும்பி எறிந்து பிடித்துவிடுவார். பிட்சரின் முன்தோளா, பின்குதிகாலா, எது முதலில் அசைகிறது என்று படிப்பது பேட்டிங்கைப் போலவே அனுபவச் சொத்து. நெடிய உடல் முழு வேகத்துக்கு வர முதல் சில எட்டுகளில் நேரம் எடுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வலது அவுட்ஃபீல்டில் அவர் ஒப்புக்குச் சப்பாணி அல்ல. ஆனால் 11 பிழை அந்த இடத்துக்கு அதிகம். அவுட்ஃபீல்டருக்கு முதல் எட்டுதான் எல்லாம்: மட்டையில் பட்ட ஓசை, பந்து எழும் கோணம் இரண்டையும் வைத்துப் பின்னால் போவதா முன்னால் வருவதா என்று கால் தானாக முடிவுசெய்ய வேண்டும். நேராகத் தன்னை நோக்கி வரும் தாழ்வான அடிதான் மிகக் கடினம், அதன் தூரம் கடைசிவரை தெரியாது. ஓடும் வேகத்தால் தவறான முதல் எட்டை ஓரளவு ஈடுகட்டலாம். எறிதலை ஈடுகட்ட முடியாது. வலது அவுட்ஃபீல்டிலிருந்து மூன்றாம் பேஸ்தான் மைதானத்தின் நீண்ட எறிகளில் ஒன்று. கூடைப்பந்து வீசும் தோள் அதற்குப் பழகியதல்ல. தோள் பலத்தால் மட்டும் எறிய முயலும்போது எறியை நடுவில் வாங்கி அனுப்பும் ஆட்டக்காரரின் தலைக்கு மேலே பந்து போகும், பின்னால் நிற்கும் ஓட்டக்காரர் இலவசமாக ஒரு பேஸ் முன்னேறுவார்.

பேருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுமார் 3,50,000 டாலர் மதிப்புள்ள சொகுசுப் பேருந்தை ஜோர்டன் அணிக்கு வாங்கிக் கொடுத்தார் என்பது கதை. உண்மையில் அவர் பெயரால் கிடைக்கும் விளம்பரத்துக்காகப் பேருந்து நிறுவனம் தந்தது அது. கால் நீட்டிப் படுக்கச் சாய்வு இருக்கை இருந்தாலும், ஐந்து மாதத்தில் 140க்கு அருகான ஆட்டங்கள், நள்ளிரவு கடந்த பயணங்கள் அப்படியேதான் இருந்தன. 82 ஆட்டங்களுக்குப் பழகிய உடலுக்கு அதுவும் புதிது.

இலையுதிர் காலமும் வேலைநிறுத்தமும்

பருவம் முடிந்ததும் அரிசோனா ஃபால் லீக்கில் ஸ்காட்ஸ்டேல் ஸ்கார்பியன்ஸுக்கு ஆடினார். ஒவ்வொரு மேஜர் லீக் அமைப்பும் தன் சிறந்த இளைஞர்களை அனுப்பும் லீக் அது. அங்கே .252. பர்மிங்ஹாமைவிட ஐம்பது புள்ளி கூடுதல், எதிரே நின்ற பிட்சர்கள் சதர்ன் லீக்கைவிடக் குறைந்தவர்கள் அல்ல. .202க்கும் .250க்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பருவக் கணக்கில் சொன்னால் 436 முறையில் 21 ஹிட், ஆறு ஆட்டத்துக்கு ஒன்று.

இதற்கிடையில் 1994 ஆகஸ்ட் 12 அன்று மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தது. அந்த ஆண்டு மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரே நடக்கவில்லை. 1995 வசந்தத்தில் உரிமையாளர்கள் மாற்று ஆட்டக்காரர்களை வைத்து ஆட்டம் நடத்தத் தயாரானார்கள். ஆட்டக்காரர் சங்கத்தின் மறியல் எல்லையைத் தாண்டி ஆட ஜோர்டன் மறுத்தார். மார்ச் 10 அன்று பேஸ்பாலை விட்டு விலகுவதாக அறிவித்தார், 18 அன்று கூடைப்பந்துக்குத் திரும்புவதாக இரண்டே சொல்லில் செய்தி அனுப்பினார், 19 அன்று இண்டியானாபொலிஸில் பேரன்ஸில் அணிந்த அதே 45ஆம் எண்ணோடு புல்ஸுக்கு ஆடினார். மார்ச் 31 அன்று நீதிபதி சோனியா சோட்டோமயோர் பிறப்பித்த தடையுத்தரவுக்குப் பின் ஏப்ரல் 2 அன்று வேலைநிறுத்தம் முடிந்தது. ஜோர்டன் புல்ஸுக்குத் திரும்பியதற்கும் இதற்கும் இரண்டே வார இடைவெளி.

கீழிருந்து ஏறியிருந்தால்?

சரியான படியில் தொடங்கிய ஒருவரின் கணக்கும் கையில் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து வீரர் டிம் டீபோ 2016இல் நியூயார்க் மெட்ஸுடன் ஒப்பந்தம் செய்தார், அவரும் அவுட்ஃபீல்டர். 2017இல் ஒற்றை ஏ நிலைகளில் 126 ஆட்டம், .226. 2018இல் பிங்ஹாம்டனில் டபுள் ஏ: 84 ஆட்டம், .273. ஜோர்டனைவிட எழுபது புள்ளி அதிகம், ஆனால் 103 ஸ்ட்ரைக் அவுட். 2019இல் சிரக்யூஸில் டிரிபிள் ஏ ஏறியதும் 77 ஆட்டத்தில் .163. 2021 பிப்ரவரியில் ஓய்வு.

ஆக, படி தவறு என்ற வாதம் பாதிதான் நிற்கிறது. கீழிருந்து ஏறினால் டபுள் ஏவில் மரியாதையாக நிற்கலாம், அடுத்த படியில் அதே சுழலும் பந்து, இன்னும் துல்லியமாக வந்து காத்திருக்கிறது. டீபோ பருவத்துக்கு நூறைத் தொடும் ஸ்ட்ரைக் அவுட்டைக் குறைக்கவே இல்லை. ஜோர்டனோ நான்கே மாதத்தில் ஹோம் ரன் இல்லாத நிலையிலிருந்து அரிசோனாவின் .252 வரை நகர்ந்தார். அந்த நகர்வு தொடர்ந்திருக்குமா என்பதே கேள்வி.

பின்னாளில் பாஸ்டன் ரெட் சாக்ஸை 2004 உலகத் தொடர் வெற்றிக்கு அழைத்துச் சென்ற அதே ஃபிராங்கோனா, இன்னும் 1,000 முறை கிடைத்திருந்தால் ஜோர்டன் மேஜர் லீக்கை எட்டியிருப்பார் என்று சொல்லிவருகிறார். பயிற்றுவித்தவரின் பாசத்தைக் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், அவர் சொன்ன அளவு சரியான இடத்தில் கைவைக்கிறது: கேஜ் நேரத்தை அல்ல, உண்மையான பிட்சர்களுக்கு எதிரான முறைகளைத்தான் அவர் எண்ணுகிறார். பருவத்துக்கு 436 என்றால் 1,000க்கு இரண்டேகால் பருவத்துக்கு மேல் வேண்டும். 1995, 1996 முழுதாக, 1997இல் சில வாரங்கள். அப்போது ஜோர்டனுக்கு வயது 34. நான்காவது, ஐந்தாவது அவுட்ஃபீல்டராக, பதிலி ஓட்டக்காரராகப் பெஞ்சில் ஓர் இடம் கிடைத்திருக்கலாம் என்பதே என் கணிப்பு. அதற்கும் 62.5 சதவீத ஸ்டீலை முதலில் எழுபதுக்கு மேலே கொண்டுவந்திருக்க வேண்டும்.